கிளாரினெட் பிள்ளையைத் திட்டும் முன் பியானோவைப் பாருங்கள்

மூன்று பிள்ளைகள் கிளாரினெட், வயலின், பியானோ சேர்த்து வாசிக்கிறார்கள், சுருதி சேரவில்லை. உடனே எல்லோரும் கிளாரினெட் வாசிக்கிற பிள்ளையைத்தான் முறைக்கிறார்கள். வயலின் எப்படியோ ஒத்துப்போகிறது, பியானோ பெரிய வாத்தியம், அதைச் சந்தேகப்பட யாருக்கும் மனசு வராது. பியானோ டியூனிங் என் தொழில். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வீடு, பள்ளிக்கூடம், சர்ச் என்று போய்ப் பார்த்த வரையில், பெரும்பாலும் கோளாறு அந்தப் பெரிய வாத்தியத்தில்தான் இருக்கிறது.

ஒரு பியானோவில் 88 கட்டைகள். அவற்றுக்கு 230 கம்பிகள் போல இருக்கும். எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 15 டன்னுக்கும் மேல். அந்த இழுப்பில் கம்பி மெல்ல மெல்லத் தளரத்தான் செய்யும். மேற்கத்திய சுரப் பெயரில் நடு சி-க்கு மேலே உள்ள ஏ என்ற சுரம் 440 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 440 அதிர்வில் நிற்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட கணக்கு. நாலைந்து வருஷம் கை வைக்காமல் விட்ட பியானோவில் அது 432 வரைகூட இறங்கிக் கிடக்கும். இதில் சிக்கல் என்னவென்றால், கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்குவதால், தனியாக வாசிக்கும்போது வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பழைய கம்பி அறுந்துவிடுமோ என்று பயந்து, பியானோவை இறங்கிக் கிடக்கும் சுருதியிலேயே விட்டு, கம்பிகளை ஒன்றோடொன்று மட்டும் சேர்த்துவிட்டுப் போகும் டியூனர்களும் உண்டு. வீட்டுக்காரர் கையில் ரசீது இருக்கும், "போன மாசம்தானே டியூன் பண்ணோம்" என்பார். தனியாக வாசிக்க அது போதும். பாடுகிறவர்களும் அதற்கேற்ப இறங்கிப் பாடிவிடுவார்கள். வயலின்காரர் பிரடையைத் திருப்பிக்கொள்வார்.

கிளாரினெட்டுக்கு அந்த வசதி இல்லை. மவுத்பீஸுக்குக் கீழே இருக்கும் சின்ன உருளைத் துண்டுக்குப் பேரல் என்று பெயர். அதைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் குழாய் நீண்டு சுருதி இறங்கும். ஆனால் எல்லா சுரமும் ஒரே அளவில் இறங்காது. எந்த ஓட்டையையும் மூடாமல் ஊதும் ஜி-க்கு ஒலிக்கும் குழாய் குட்டை. எல்லாவற்றையும் மூடி ஊதும் அடி ஈ-க்கு முழு நீளக் குழாய். அரைச் சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ட். பேரலை ஒரு மில்லிமீட்டர் இழுத்தால் அந்த ஜி சுமார் 7 சென்ட் இறங்கும், அடி ஈ சுமார் 3 சென்ட்தான் இறங்கும். 30 சென்ட் கீழே, அதாவது ஏ 432-க்குப் பக்கத்தில் கிடக்கும் பியானோவுக்காக 4 மில்லிமீட்டர் இழுத்தால், ஜி ஒருவழியாக ஒத்துவரும், ஈ இன்னும் 18 சென்ட் மேலேயே நிற்கும். அதாவது கிளாரினெட் தனக்குள்ளேயே கலைந்துபோகும். மிச்சத்தைப் பிள்ளை உதட்டைத் தளர்த்தித்தான் சமாளிக்க வேண்டும். அது பழக்கமாகிவிட்டால் நாதம் சோர்ந்துபோகும், பிறகு திருத்துவது பெரும்பாடு.

கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் இதை நேரிலேயே பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பெண். பேரலை இழுத்து இழுத்து உள்ளிருக்கும் கார்க் வெளியே தெரிந்தது. "பாப்பாவுக்குக் காதுல ஏதாவது குறையா இருக்குமோ சார்?" என்று அவளை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்கள். பேரலை முழுசாக உள்ளே தள்ளச் சொல்லி, கொஞ்ச நேரம் ஊதிச் சூடேற்றச் சொல்லி, அப்புறம் பி ஊதச் சொன்னேன். வழக்கமான பி பிளாட் கிளாரினெட்டில் பி ஊதினால் பியானோவின் ஏ ஒலிக்கும். ஃபோனில் இருந்த டியூனர் 440 காட்டியது. பியானோவில் ஏ-வைத் தட்டினேன், 431. அந்தப் பெண் அத்தனை மாதமும் தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு ஊதியிருக்கிறாள். எனக்குக் கோபமாகத்தான் வந்தது.

எல்லா நேரமும் பியானோதான் குற்றவாளி என்றும் சொல்ல மாட்டேன். தாத்தா காலத்து பேண்டு செட் கிளாரினெட்டைப் பேரனுக்குக் கொடுக்கும் வீடுகள் நம் பக்கம் இருக்கின்றன. அதை எடுத்ததும் உடம்பில் எச்.பி. (ஹை பிட்ச், அதாவது உயர்ந்த சுருதி) என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். பிரிட்டிஷ் ராணுவ பேண்டுகள் 1920-கள் வரை ஏ-வை 452-க்குப் பக்கத்தில் வைத்து வாசித்தன. அந்தச் சுருதிக்குச் செய்த குழல்களில் அந்த முத்திரை இருக்கும். இன்றைய சுருதியைவிட அது கிட்டத்தட்ட கால் சுரம் மேலே. அதை எந்த பியானோவோடும் சேர்க்க முடியாது. ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்கு வேறு வாங்குங்கள். தொடக்கத்துக்கு மரக் கிளாரினெட் வேண்டாம், பிளாஸ்டிக்கே போதும். ஓசூர், தளி பக்கத்து மார்கழிக் குளிரில் சில்லென்று இருக்கும் மரத்துக்குள் சூடான மூச்சை ஊதினால் மரம் விரிசல் விடலாம்.

இந்த மூன்று வாத்தியக் கூட்டணிக்கு எழுதப்பட்ட இசையில் பெரும்பகுதி 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஆர்மேனிய இசையமைப்பாளர் கச்சத்தூரியன் மாஸ்கோவில் மாணவராக இருந்தபோது 1932-இல் எழுதிய டிரியோ (மூவர் வாசிக்கும் படைப்பு) நம் காதுக்கு உடனே பிடிக்கும். கிளாரினெட்டும் வயலினும் நாட்டுப்புற மெட்டை அலங்காரம் பண்ணிப் பண்ணி மாற்றி மாற்றி வாசிக்கும். அமெரிக்காவின் வெர்டர் டிரியோ என்ற மூவர் குழு 1972-இல் தொடங்கி, 200-க்கும் மேற்பட்ட புதிய படைப்புகளை எழுதவைத்து இந்தக் கூட்டணிக்கென்று ஒரு களஞ்சியத்தையே உண்டாக்கியது. எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஹங்கேரி இசையமைப்பாளர் பார்டோக் 1938-இல் எழுதிய 'கான்ட்ராஸ்ட்ஸ்'. அதன் மூன்றாம் பகுதி தொடங்கும்போது வயலின்காரர் கையில் வேறு வயலின் இருக்கும். அதில் ஜி கம்பி அரைச் சுரம் மேலே, ஈ கம்பி அரைச் சுரம் கீழே. கோணலாக ஒலிக்க வேண்டும் என்று பார்டோக்கே கேட்டு வாங்கிய கோணல் அது. கொஞ்ச நேரத்தில் வயலின்காரர் சரியான சுருதியுள்ள வயலினுக்கு மாறிவிடுவார்.

பியானோ 30 சென்ட் இறங்கிக் கிடக்கும் அறையில் இதை வாசித்தால், எது பார்டோக் வைத்த கோணல், எது நம் கவனக்குறைவு என்று யாருக்குப் பிரித்துத் தெரியும்? புதிய இசையில் பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் வேண்டுமென்றே உரசும். அந்த உரசல் துல்லியமாக விழுந்தால் மேலெல்லாம் சிலிர்க்கும், பிசகினால் வெறும் இரைச்சல். "மாடர்ன் மியூசிக்னா இப்படித்தான் இருக்கும் போல" என்று பெற்றோர் பாதியில் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அன்று கேட்டது அந்த இசையையே அல்ல. நாதஸ்வரத்துக்கு ஒத்து கொஞ்சம் பிசகினாலே முகம் சுளிக்கும் காதுகள் நம்முடையவை. அந்தக் காதை இங்கேயும் நம்பலாம்.

சரி, என்ன செய்வது? டியூனரைக் கூப்பிட்டதும் "பியானோ இப்போ எந்த சுருதியில நிக்குது? 440-க்கு ஏத்த முடியுமா?" என்று முதலில் கேளுங்கள். அதிகம் இறங்கியதை ஒரே நாளில் ஏற்றி நிறுத்த முடியாது. ஒரு பக்கம் கம்பியை இறுக்கினால், கம்பிகளின் அதிர்வை வாங்கி ஒலிக்கும் ஒலிப்பலகையில் பாரம் கூடி, ஏற்கெனவே சேர்த்த கம்பி மறுபடி இறங்கும். அதனால் முதலில் எல்லாவற்றையும் பொதுவாக ஏற்றிவிட்டு, உடனே நுணுக்கமாக ஒரு சுற்று, சில வாரம் கழித்து இன்னொரு சுற்று. இரண்டாவது தடவை வருகிறேன் என்று டியூனர் சொன்னால் பணம் பிடுங்கப் பார்க்கிறார் என்று நினைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி ஒலிப்பலகை உப்பும், மாசி பங்குனியில் காய்ந்து சுருங்கும், சுருதியும் கூடவே ஏறி இறங்கும். தர்மபுரி வெயிலில் இது இன்னும் அதிகம். மழை ஓய்ந்து ஒன்று, கோடை தணிந்து ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு முறை பார்த்தால் போதும். ஜன்னலோரத்திலிருந்தும் ஃபேனுக்கு நேர் கீழேயிருந்தும் பியானோவை நகர்த்தி வையுங்கள்.

கம்பி துருப்பிடித்து, கம்பி சுற்றிய ஆணி பிடிக்காமல் நழுவுகிற பியானோ என்றால் அதை இந்தக் கூட்டணிக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு நல்ல டிஜிட்டல் பியானோ இருந்தால் அதை வைத்தே பழகலாம், நான் குறைவாக நினைக்க மாட்டேன். அதிலும் யாராவது பட்டனை அழுத்திச் சுருதியை மாற்றிவைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளை வயலின் வாசித்தால், ச-ப-ச-ப என்று கம்பி சேர்ப்பதை விட்டு ஜி-டி-ஏ-ஈ கம்பிக் கட்டுக்குப் பழக ஒரு மாதமாவது கொடுங்கள். ஒத்திகை அன்று கிளாரினெட்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் சுருதி பார்க்க வேண்டாம். குளிர்ந்த குழல் இறங்கித்தான் ஒலிக்கும். பத்து நிமிஷம் ஊதிய பிறகு பியானோவில் ஏ கொடுங்கள். அப்போதும் சேரவில்லை என்றால் பேரலைத் தொடும் முன் ஃபோனை எடுத்து பியானோவின் ஏ-வை ஒருமுறை அளந்து பாருங்கள்.