முதல் வித்தைக்கு எதை எடுப்பது?

மதுரையில் ஒரு கல்யாண வரவேற்பு. மணமக்களோடு போட்டோ எடுத்துக்கொள்ள மேடைக்குக் கீழே நீண்ட வரிசை. வரிசை குறையட்டும் என்று உட்கார்ந்திருந்தவர்களிடம் மேசை மேசையாகப் போய் மேஜிக் காட்டுவது என் வேலை. முதல் மேசையில் சீட்டுக்கட்டை விரித்தேன். “கல்யாண வீட்ல சீட்டா தம்பி?” என்றார் ஒரு பெரியவர். சிரித்துச் சமாளித்துவிட்டு, பக்கத்திலிருந்த அம்மாவை ஒரு சீட்டை மனதில் நினைக்கச் சொல்லி, 21 சீட்டு வித்தையைத் தொடங்கினேன். மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு சீட்டு, மொத்தம் மூன்று முறை பரப்ப வேண்டும். இரண்டாவது முறை பரப்பிக்கொண்டிருந்தபோது மேடை வரிசை நகர்ந்தது, அந்த அம்மா எழுந்து போய்விட்டார். அவர் நினைத்த சீட்டு எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கணக்கில் அந்த வித்தைக்கு ஒரு குறையும் இல்லை. பார்ப்பவர் காட்டும் வரிசையை ஒவ்வொரு முறையும் மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்தால் போதும், நினைத்த சீட்டு 11-வது இடத்துக்குத் தானாக வந்து நிற்கும். கைத்திறனே வேண்டாம். தப்பு, அதை முதலில் எடுத்ததுதான். முன்பின் தெரியாத ஒருவன் மேசைக்கு வந்து நின்றால் அங்கிருப்பவர்கள் யோசிப்பது சீட்டைப் பற்றி அல்ல. யார் இவன், எவ்வளவு நேரம் பிடிப்பான், காசு கேட்பானா, சொந்தக்காரர்கள் முன்னால் என்னை முட்டாளாக்கிவிடுவானா? இதற்கெல்லாம் பதில் கிடைக்கும்வரை எந்த வித்தையும் எடுபடாது.

பதிலைச் சீக்கிரம் கொடுப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய பரிசோதனை உண்டு. 1946-இல் வெளியான ஆய்வில் உளவியலாளர் சாலமன் ஆஷ், ஒரு மனிதரைப் பற்றி ஆறு சொற்களை வாசித்துக் காட்டினார்: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை காண்பவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். இன்னொரு குழுவுக்கு அதே ஆறு சொற்கள், தலைகீழ் வரிசையில். முதல் குழுவினர் அவரைச் சில குறைகள் உள்ள திறமைசாலி என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது குழுவினருக்கோ, திறமை இருந்தும் குணத்தால் கெட்டுப்போன ஆள். முதலில் காதில் விழுந்த சொல், பின்னால் வந்த சொற்களுக்கான அர்த்தத்தையே மாற்றிவிட்டது. மேசையில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். முதல் வித்தையில் தடுமாறியவர் மூன்றாவதில் எதையாவது கீழே போட்டால் “பாவம், புதுசு” என்பார்கள். முதலில் அசத்தியவர் கீழே போட்டால், அதுவும் வித்தையில் சேர்த்தியோ என்று காத்திருப்பார்கள்.

சரி, அசத்த வேண்டும். ஆனால் முதல் வித்தையில்தான் எல்லாரும் கையையே முறைத்துப் பார்க்கிறார்கள். மேஜிக்கில் கவனத்தைத் திருப்பப் பெரிதும் உதவுவது வித்தைக்காரரின் பார்வை. 2006-இல் குஸ்தாவ் கூன், மைக்கேல் லேண்ட் இருவரும் ஒரு சின்னப் பந்தை வைத்து இதைச் சோதித்தார்கள். வித்தைக்காரர் பந்தை இரண்டு முறை நிஜமாகவே மேலே எறிந்து பிடிப்பார். மூன்றாவது முறை எறிவதுபோல் கையை மட்டும் அசைப்பார், பந்து உள்ளங்கையிலேயே இருக்கும். அப்போது அவர் கண்ணும் மேலே போனால், பார்த்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேர், பந்து மேலே போய் மறைந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார்கள். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றில் ஒரு பங்கினர்தான் ஏமாந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏமாந்தவர்களின் கண்கள் பந்து போனதாகச் சொன்ன இடத்துக்குப் பெரும்பாலும் போகவே இல்லை. அவர்கள் பார்த்தது வித்தைக்காரரின் முகத்தை. மீதியை மூளை நிரப்பிக்கொண்டது.

இதில் நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்று. பார்வை வேலை செய்ய வேண்டுமானால் அவர்கள் என் முகத்தை நம்ப வேண்டும். முதல் அரை நிமிடத்தில் யாரும் நம்புவதில்லை. அப்படியானால் முதல் வித்தை முகத்தை நம்பி நிற்கக் கூடாது. வித்தை தொடங்கியது என்று அவர்கள் உணர்வதற்குள் ரகசிய வேலை முடிந்திருக்க வேண்டும்.

அதனால்தான் ஸ்பாஞ்ச் பந்து. குழந்தைகளுக்கான மேஜிக் பெட்டியில்கூட வருவதுதான், சொல்வதால் தொழிலுக்கு மோசமில்லை. மேசையில் இரண்டு சிவப்புப் பந்துகள். ஒன்றை எடுத்து என் இடது கைக்குள் வைத்து மூடுகிறேன். வைத்ததாகத்தான் தெரியும், பந்து வலது கை விரல்களுக்குள்ளேயே மடங்கித் தங்கிவிட்டது. அதே வலது கையால் அடுத்த பந்தை எடுத்து, இரண்டையும் சேர்த்து நசுக்கி, எதிரே இருக்கும் அக்காவின் உள்ளங்கையில் வைக்கிறேன். “இறுக்கி மூடிக்குங்க.” அவ்வளவுதான், வேலை முடிந்தது. அப்புறம்தான் ஏதோ நடக்கப்போகிறது என்பதே அவர்களுக்குத் தெரிகிறது. எல்லாரும் என் இடது கையைக் காவல் காக்கத் தொடங்குகிறார்கள். அதைத் திறந்தால் வெறுங்கை. அக்கா தன் கையைத் திறந்தால் இரண்டு பந்துகள் துள்ளி விழும். ஒரு கூச்சல் நிச்சயம்.

ஏன் கையில் இரண்டு இருப்பது தெரியவில்லை? நசுங்கிய ஸ்பாஞ்சுக்கு விளிம்பு கிடையாது. ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று கைக்குச் சொல்ல ஒரு கோடும் இல்லை. தோல் அழுத்தத்தை உணர்கிறது, எண்ணிக்கையை அல்ல. கண் ஏற்கெனவே ‘ஒன்று’ என்று சொல்லியிருப்பதால் கையும் அதையே ஒப்புக்கொள்கிறது. கோலிக்குண்டை வைத்து இதைச் செய்து பாருங்கள், நடக்காது.

வேறு வசதிகளும் உண்டு. அக்கா எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம். பக்கத்தில் நாதஸ்வரம் முழங்கினாலும் புரியும். அதிசயம் என் கையில் நடக்காமல் அவர் கையில் நடப்பதால், கூச்சல் போடுகிறவரும் அவர்தான், கைதட்டல் வாங்குகிறவரும் அவர்தான். முட்டாளாக்கப்பட்ட உணர்வு வருவதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: “இன்னொரு தடவை” என்று கேட்டால் காட்டவே கூடாது. எப்போது கவனிக்க வேண்டும் என்று அவர்களுக்கு இப்போது தெரியும்.

யாராவது ஒருவர் “சட்டைக் கைக்குள்ள போயிருக்கும்” என்பார். நான் மறுக்க மாட்டேன். சிரில் தோமா, ஆந்த்ரே திதியெர்ழான் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2016-இல் காட்டியது இது: ஒரு சீட்டு வித்தைக்குப் பொருந்தாத ஒரு விளக்கம் முதலில் மனதில் புகுந்துவிட்டால், கண்ணெதிரே இருக்கும் எளிய விடை பலருக்குத் தெரியாமல் போகிறது. சட்டைக் கையை நம்புகிறவர் வலது கை விரல்களைத் தேட மாட்டார். அடுத்த வித்தைக்கு முன் நான் சாவகாசமாகச் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொள்வேன்.

ஆனால் எனக்கு அந்த முதல் வித்தை தரும் பெரிய லாபம் கூச்சலுக்கு அடுத்த நொடியில் இருக்கிறது. ஒரே நகைச்சுவை வீடியோவைப் பார்ப்பவர்கள், கதையில் சின்ன இடைவெளி வரும்போது ஒரே நேரத்தில் இமைக்கிறார்கள் என்று தமாமி நகானோவின் குழு 2009-இல் கண்டறிந்தது. 2016-இல் அவரும் ரிச்சர்ட் வைஸ்மனும் இதையே மேஜிக்கில் பார்த்தார்கள். நம்ப முடியாத ஒன்று நடந்து முடிந்த கையோடு பார்வையாளர்கள் சேர்ந்து இமைத்தார்கள். வித்தைக்காரர் மறைக்க நினைத்த அசைவுகள் பலவும் அந்த இமைப்புகளோடு ஒத்துப்போயின. இமை மூடியிருக்கும் நேரம் சொற்பம்தான். ஆனால் ‘இந்தக் கட்டம் முடிந்தது’ என்று கவனம் மூச்சு வாங்கும் இடம் அது.

என் இரண்டாவது வித்தை செப்பு, அதாவது ஒரு சின்னக் கிண்ணம். தமிழில் கைத்திறன் வித்தைக்கே செப்பிடு வித்தை என்றுதான் பெயர், பேச்சில் செப்படி வித்தை. சின்னச் செப்பைக் கவிழ்த்துக் குண்டை மறைக்கும் விளையாட்டிலிருந்து வந்த சொல். அக்கா கத்தி, மேசையே சிரித்து, பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்போது, நான் பையிலிருந்து செப்பை எடுத்து மேசையில் கவிழ்க்கிறேன். உள்ளே ஓர் எலுமிச்சம்பழம். அடுத்ததற்கு ஏதோ எடுத்துவைக்கிறான் என்று விட்டுவிடுவார்கள். இரண்டு நிமிடம் கழித்துச் செப்பைத் தூக்கினால் பழம் உருண்டு வரும். எப்போது உள்ளே போனது என்று வாதாடுவார்கள், செப்பு எப்போது மேசைக்கு வந்தது என்பது ஒருவருக்கும் நினைவிருக்காது. பழத்தைப் பெரும்பாலும் யாராவது வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவார்கள். ஒரு வரவேற்புக்கு இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு போகிறேன்.