கையுறைக்குள் ஒரு மண்பானை

சித்திரை மாதம், மத்தியானம் இரண்டு மணி. வெள்ளகோவிலைத் தாண்டிக் கரூர் போகும் சாலையில் மோட்டார்சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். புறங்கை சுடுகிறதே என்று ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினேன். காற்று கூடினால் குளிரும் என்ற நினைப்பு. குளிரவில்லை. நாற்பதில் இருந்த முள் எழுபதுக்குப் போனதும் கை இன்னும் சுட்டது, சலூனில் முடி உலர்த்தும் டிரையரை யாரோ கைமேல் பிடித்த மாதிரி.

பிரமை இல்லை அது. கைத்தோலின் வெப்பநிலை வெயில் காலத்தில் 34 டிகிரி செல்சியஸ் சுமாருக்கு நிற்கும். காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை, வேகம் கூடக் கூட வெப்பம் கையிலிருந்து காற்றுக்கு இறங்கும். காற்று 40 டிகிரியைத் தொட்டுவிட்டால் கணக்கு தலைகீழ். வேகம் கூடக் கூட வெப்பம் காற்றிலிருந்து கைக்கு ஏறும். கரூர் பரமத்தி, ஈரோடு இரண்டும் கோடைச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் ஊர்கள், நாற்பது அங்கே அதிசயமில்லை.

ஆக, நம்மைக் காப்பாற்றுவது காற்று இல்லை, வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகிப் போக ஏறத்தாழ 2400 ஜூல் வெப்பம் வேண்டும். அதைத் தோலிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போகிறது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஆயிரம் வாட் வரை கொட்டும். புறங்கை பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன்மேல் விழுவது பத்து வாட். நிமிடத்துக்குக் கால் கிராம் வியர்வை ஆவியானால் அந்தப் பத்து வாட்டும் சரியாகக் கழிந்துவிடும். கால் கிராம் என்பது சில சொட்டுத் தண்ணீர்தான்.

இதைப் பள்ளிக்கூடம் போகாமலே நம் வீட்டுப் பாட்டிகள் செய்துகாட்டியிருக்கிறார்கள். திண்ணையில் மண்பானை, அதைச் சுற்றி ஈரக் கோணிச்சாக்கு. பிளாஸ்டிக் குடத்தை அதே சாக்கின் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் வெதுவெதுவென்றுதான் இருக்கும். பானை கசிகிறது, குடம் கசிவதில்லை. வெயில்காலக் கையுறை பானையாக இருக்க வேண்டும், குடமாக இருக்கக் கூடாது. சொல்ல வந்ததில் பாதி இதுதான். மீதிப் பாதி உள்ளங்கையைப் பற்றியது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

பானை வேலை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி நடக்காது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வியர்வையை வைத்து இவ்வளவு தூரம்தான் குளிரலாம் என்று இயற்கை போட்ட எல்லை அது. 40 டிகிரி வெயில், 25 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த எல்லை 24 டிகிரி சுமார். கடற்கரை ஊர் ஒன்றில் 35 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்றால் 29க்கும் மேலே. வெயில் ஐந்து டிகிரி குறைவு, ஆனால் எல்லை ஐந்து டிகிரி அதிகம். சென்னைக்காரர் வலைத்துணிக் கையுறையைப் பற்றி ‘மெஷ் கிளவுஸ் போட்டாலும் கை நசநசங்குது’ என்று சொல்வதும், அதே கிளவுஸை நாம் காங்கேயத்தில் போட்டுக்கொண்டு ‘பரவாயில்லையே’ என்பதும், இரண்டும் நிஜம்தான். நம் பக்கத்து வறட்டு வெயிலை எவ்வளவு திட்டினாலும், பானைக்கு அது தோது.

வெறுங்கையோடு போனால் இன்னும் நன்றாகக் காயுமே என்று தோன்றும். காயும், மிக வேகமாகக் காயும். அதுதான் சிக்கல். வியர்வை ஊறுவதற்குள் சூடான காற்று வழித்துக்கொண்டு போய்விட்டால், காய்ந்த தோல்மேல் வெயிலும் அனல்காற்றும் நேராக விழும். மெல்லிய, காற்று புகும் துணி ஒன்று நடுவில் இருந்தால் வெயிலை அது வாங்கிக்கொள்ளும், வியர்வையைப் பிடித்து வைத்து நிதானமாக விடும். ஒன்று மட்டும் முக்கியம்: துணி தோலை ஒட்டியிருக்க வேண்டும். தள்ளி நின்றால் ஆவியாகும் ஈரம் துணியைத்தான் குளிர்விக்கும், கையை அல்ல.

கோவையில் ஒரு கடைப்பையன் எனக்குச் சொன்ன யோசனை நேர் எதிர். “லூசாவே எடுத்துக்கங்ணா, உள்ள நல்லாக் காத்து ஓடும்.” அன்பாகத்தான் சொன்னான். ஆனால் தொளதொளக் கையுறையில் காற்று ஓடுவதில்லை, துணிதான் மடிகிறது. ஒரு மணி நேரத்தில் அந்த மடிப்பு கட்டைவிரல் கவட்டியில் கொப்புளம் போட்டுவிடும்.

காற்று ஓட வேறொன்று வேண்டும், வெளியேற வழி. மணிக்கு 60 கிலோமீட்டரில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் 16 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தருகிற அளவுதான். முன்பக்கம் மட்டும் ஜன்னல் வைத்த வீட்டுக்குள் தென்றல் வருமா? அதே கதை. கையுறையில் விரல் முட்டிக்குமேல் உள்ள பிளாஸ்டிக் கவசத்தில் பெரிய துளை இருக்கும், உள்ளே திருப்பிப் பார்த்தால் அதன் அடியில் ரெக்சின் தைத்து அடைத்திருப்பார்கள். வெறும் அலங்காரம். கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு கையை உறைக்குள் விட்டுக்கொண்டு, முட்டித் துளையில் வாயை வைத்து ஊதுங்கள். விரல் இடுக்கிலோ மணிக்கட்டுப் பக்கமோ மூச்சு தெரிந்தால் வழி இருக்கிறது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம். கறுப்பு, விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சும். ஓடும்போது காற்றின் பங்குதான் பெரிது என்பதால் நிறம் அவ்வளவாகத் தெரியாது. காந்திபுரம் சிக்னலில் நிற்கும்போது தெரியும். சாம்பலோ வெள்ளையோ கிடைத்தால் நல்லது, அதற்காக ஊரெல்லாம் அலைய வேண்டாம்.

இப்போது உள்ளங்கை. இங்கே காற்றுப் பேச்சுக்கே இடமில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும் பக்கத்தில் எத்தனை துளை போட்டாலும் கைப்பிடி ரப்பர்தான் அதை அடைத்துக்கொள்ளும். ‘கோடைக்கு’ என்று உள்ளங்கையிலும் சல்லடை போட்ட கையுறைகள் விற்கிறார்கள். துளை ஒவ்வொன்றும் கிழிசலுக்கு வைத்த பிள்ளையார் சுழி.

முத்தூர்ப் பக்கம் ஒரு வளைவில் லாரியிலிருந்து சிந்திய ஜல்லிப்பொடியில் என் வண்டி வழுக்கியது. நாற்பதுக்குள்தான் வேகம். விழுகிறோம் என்று மூளைக்குத் தெரியும் முன்பே வலது கை தரையைத் தேடிப் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்து கையுறையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டை ஒட்டி ஒரு கெட்டி பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதில் தேங்காய்த் துருவியால் இழுத்த மாதிரி இணையாக ஏழெட்டு வெள்ளைக் கோடு. சுண்டுவிரலின் வெளிப்பக்கத் தையல் இரண்டு சென்டிமீட்டர் பிரிந்து உள்துணி எட்டிப் பார்த்தது. கையுறையின் தோல் கிழியவில்லை, நூல்தான் விட்டிருந்தது. அன்றுமுதல் கடையில் நான் முதலில் பார்ப்பது சுண்டுவிரல் தையலைத்தான். ஒற்றைத் தையலா, இரட்டையா, மேலே இன்னொரு தோல் பட்டை வைத்து மூடியிருக்கிறதா.

அந்தத் தகடு செய்வது என்ன? பார்த்தால் அடியைத் தாங்கும் மெத்தை என்று தோன்றும். உண்மையில் அது சறுக்கவைக்கும் பலகை. வெறும் உள்ளங்கையோ ரப்பர் ஒட்டிய துணியோ தார்ச்சாலையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கை நின்றுவிடும், உடம்பு முன்னே போய்க்கொண்டிருக்கும். நடுவில் மாட்டிக்கொண்டு பின்னால் மடங்குவது மணிக்கட்டு. அதில் கட்டைவிரல் பக்கம் ஸ்காஃபாய்டு என்று முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு குட்டி எலும்பு இருக்கிறது. அதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கித்தான் போகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதிக்கு ரத்தம் போகாமல், கூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். முதல் நாள் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவதும் உண்டு. கவ்வாமல் வழுக்கினால் இந்த வம்பே இல்லை. அதனால் சறுக்குத் தகடு வழவழவென்று இருக்க வேண்டும். அதன்மேல் ‘கிரிப்’புக்காகப் புள்ளி புள்ளியாக ரப்பர் வைத்த வடிவமைப்பாளர் ஒருநாளும் கீழே விழுந்தவராக இருக்க மாட்டார்.

சறுக்கல் எவ்வளவு நேரம்? ஆளுக்கும் சாலைக்கும் இடையில் உராய்வுக் கெழு, அதாவது சாலை எவ்வளவு பிடித்து இழுக்கும் என்ற அளவு, 0.6 என்று வைத்துக் கணக்குப் போட்டால், 40 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தவர் பத்து மீட்டர் இழுபட்டு இரண்டு விநாடியில் நிற்பார். 80 என்றால் நாற்பது மீட்டருக்கு மேல், ஏறக்குறைய நான்கு விநாடி. வேகம் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பு, தூரம் நாலு மடங்கு. மோட்டார்சைக்கிள் கையுறைக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 13594, இந்தத் தேய்மானத்தைத்தான் விநாடியில் அளக்கிறது. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் சொரசொரப்பான உப்புத்தாள் பட்டையின்மேல் உள்ளங்கைத் துண்டைப் போடுவார்கள். முதல் நிலைக்கு 4 விநாடி, இரண்டாம் நிலைக்கு 8 விநாடி ஓட்டை விழாமல் தாங்க வேண்டும். இந்த விநாடியும் சாலை விநாடியும் ஒன்றல்ல. ஆனால் இரண்டு கையுறைகளை ஒப்பிட அது போதும். உள்பக்கச் சீட்டில் மோட்டார்சைக்கிள் ஓட்டும் ஆள் படமும், 1 அல்லது 2 என்ற எண்ணும் இருக்கும். கே.பி. என்ற எழுத்தும் இருந்தால் முட்டிக் கவசமும் சோதனையில் தேறியது என்று பொருள்.

இவ்வளவையும் தாங்குவதற்குத் தோலை மிஞ்சியது இன்னும் அதிகம் வரவில்லை. ஏன் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். பனியன் துணியில் நூல் கண்ணி கண்ணியாகக் கோத்திருக்கும். ஒரு கண்ணி அறுந்தால் வரிசையே இறங்கும். தோலில் நார்கள் எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கின்றன, ஒன்று அறுந்தால் பக்கத்து நார் பிடித்துக்கொள்ளும். இதோடு உராய்வுச் சூடு வேறு. பாலியெஸ்டர் 255 டிகிரி சுமாருக்கு உருகிவிடும், உருகியது காயத்திலேயே ஒட்டும். பருத்தி உருகாது, ஆனால் கண்மூடித் திறப்பதற்குள் தேய்ந்துவிடும். ஸ்கூட்டரில் போகும் அம்மணிகள் போட்டுக்கொள்ளும் நீளக் கை பருத்தி உறை வெயிலுக்கு அருமை, தார்ச்சாலைக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்று. அரை விரல் கிளவுஸைப் பற்றிப் பேசவே வேண்டாம். விழும்போது முதலில் போவது விரல் நுனி.

எந்தத் தோல்? கோடைக்கு வெள்ளாட்டுத் தோல் என்பது என் கட்சி. மாட்டுத் தோல் அளவுக்குத் தடிமன் இல்லாமலே நல்ல வலுத் தரும், ஒரு மில்லிமீட்டர் சுற்றில் போதும். தடித்த உள்ளங்கை போட்டால் அதே கைப்பிடியை இறுக்க முன்கை அதிகம் உழைக்க வேண்டும், அறுபது கிலோமீட்டர் ஓட்டியதும் கிளட்ச் கனக்கும். நம் மேச்சேரிச் செம்மறியின் தோலுக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. கம்பளி இல்லாத ஆடு என்பதால் தோல் கெட்டி. ஆனாலும் கீழே விழுவதற்கு வெள்ளாடுதான். ஈரோட்டில் தோல் பதனிடுவது பழைய தொழில். தென்னாட்டில் ஒருகாலத்தில் ஆவாரம்பட்டை ஊறலில்தான் பதனிட்டார்கள். இப்போது கையுறைக்கு வருவது பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. பட்டைத் தோல் 80 டிகிரிச் சுடுதண்ணீரிலேயே சுருங்கும், குரோம் தோல் கொதிநீரையும் சமாளிக்கும். சூட்டுக்கும் வியர்வைக்கும் இதுவே ஏற்றது.

அளவு பார்ப்பதை நின்றுகொண்டு கை நீட்டிச் செய்யாதீர்கள். வண்டியில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடியுங்கள். விரல் நுனி உறையின் நுனியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், கிளட்சை இழுக்கும்போது விரல் கவட்டியில் இழுக்கக் கூடாது. அப்புறம் மணிக்கட்டு வாரை மாட்டிவிட்டு, கூட வந்தவரிடம் விரல் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கடையில் கழல்வது சாலையில் முதல் விநாடியிலேயே கழன்றுவிடும். பின்னே நாலு விநாடி தாங்கினால் என்ன, எட்டு தாங்கினால் என்ன?

கோடைக் கையுறைக்கு மலையில் மவுசு இல்லை. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 வளைவுகளிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறைக்குப் போகும் 40 வளைவுகளிலோ அதிகாலையில் போனால் புரியும். ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் 12 டிகிரி இறங்கிவிடும். பானை அங்கேயும் தன் வேலையை விடாது, பிரேக் பிடிக்கும் இரண்டு விரல் மரத்துப்போகும். நான் பெட்டியில் ஒரு ஜோடி மெல்லிய ரப்பர் கையுறை வைத்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில் போடுகிறார்களே, அது. உள்ளே போட்டுக்கொண்டால் காற்றும் புகாது, ஆவியும் போகாது. கீழே வேண்டாம் என்று ஒதுக்கிய பிளாஸ்டிக் குடம் மேலே உதவுகிறது.

சமவெளியில் அதற்கு நேர் எதிர் வைத்தியம். தென்னிலைப் பக்கம் நிறுத்தும்போது புறங்கைத் துணியில் மட்டும் அரை டம்ளர் தண்ணீர் விட்டு நனைத்துக்கொள்வேன். கால் மணி நேரம் கை குளுகுளுவென்று இருக்கும். உள்ளங்கைத் தோலை நனைக்கக் கூடாது, கைப்பிடி வழுக்கும்.

வீட்டுக்கு வந்ததும் கையுறையில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருக்கும், காய்ந்த வியர்வையின் உப்பு. அதை விட்டால் தோல் வெடிக்கும், நூல் மட்கும். வாரம் ஒருமுறை வெறும் தண்ணீரில் கையோடு போட்டுக்கொண்டே அலசி, நிழலில் தொங்கவிடுங்கள். மொட்டைமாடி வெயிலில் போட்டால் சாயங்காலம் எடுக்கும்போது கருவாடு மாதிரி விறைத்துக் கிடக்கும்.