ஓராண்டு கழித்துக் கை வீங்குவது ஏன்?

"மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் கணுக்களை எடுத்து ஓராண்டுக்கு மேலாகிறது. இத்தனை நாள் கழித்துக் கை வீங்குகிறதே, ஏன்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

ரத்தத் தந்துகிகளிலிருந்து நீரும் புரதமும் திசுக்களுக்குள் ஓயாமல் கசிகின்றன. அவற்றைத் திரட்டி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புபவை நிணநீர்க் குழாய்கள். இப்படித் திரளும் நீர்தான் நிணநீர்; அதை வடிகட்டும் சிறு முடிச்சுகளே கணுக்கள். கையின் நிணநீர் பெரும்பாலும் அக்குள் கணுக்கள் வழியாகத்தான் மேலேறுகிறது. இதெல்லாம் பள்ளிப் பாடம்.

பாடத்தில் வராத அழகு ஒன்று உண்டு: இந்தக் குழாய்கள் தாமாகவே துடிக்கின்றன! குழாய் நெடுக வால்வுகள். இரண்டு வால்வுகளுக்கு இடைப்பட்ட பகுதி ஓர் அறை. அறைச் சுவரிலுள்ள தசை நிமிடத்துக்குச் சில முறை சுருங்கி, உள்ளிருக்கும் துளியை மேலறைக்குத் தள்ளுகிறது. கீழ்வால்வு மூடிக்கொள்வதால் துளி திரும்பி இறங்க முடியாது. வரிசையில் நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுவது போன்ற வேலை. நீர் மிகுந்து சுவர் விரிந்தால், யாரும் ஏவாமலே துடிப்பு வேகமெடுக்கிறது.

கணுக்களை நீக்கியதும் பாதை குறுகிவிடுகிறது. கொஞ்சம் நீர் மாற்றுவழி தேடிக்கொள்கிறது. மிச்சத்தை அறைகள் கூடுதலாக உழைத்துத் தள்ளுகின்றன. மாதக்கணக்கில் கை இயல்பாக இருப்பது அந்த உழைப்பால்தான். தொடர்ந்த பளுவில் சுவர் தடித்து விறைக்கிறது, வால்வுகள் சரியாக மூடாமல் நீர் பின்வாங்குகிறது. அப்போதுதான் வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. தேங்கிய நீர் அழற்சியைத் தூண்ட, நாளடைவில் நாரும் கொழுப்பும் படிகின்றன. அக்குள் கணுக்களை முழுமையாக அகற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது; நிணநீர் முதலில் சென்று சேரும் கணுக்களை மட்டும் எடுத்துச் சோதித்தால் 5 முதல் 6 சதவீதம் பேருக்கே.

இந்த அறுவைக்குப் பிறகு மேல்கையின் உட்புறம் மரத்துப்போவதும் உண்டு. அதற்குக் காரணம் வேறு: அக்குளைக் கடந்து செல்லும் உணர்வு நரம்பு அறுவையில் காயப்படுகிறது. சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை தோலடியில் கயிறு போன்ற இழைகள் தட்டுப்படும், தோளைத் தூக்கவிடாது. பெரும்பாலும் நீட்டல் பயிற்சியால் சில மாதங்களில் அவை தளர்ந்துவிடும்.

"அந்தக் கையால் எதையுமே தூக்காதே" என்று காலகாலமாகப் பயமுறுத்துவதை நான் ஏற்கவில்லை. ஏற்கெனவே கை வீங்கியிருந்த பெண்களைப் பயிற்சியாளர் மேற்பார்வையில் படிப்படியாக எடை தூக்கவைத்த ஆய்வு 2009-ல் வெளியானது. வீக்கம் கூடவில்லை, திடீரென்று அது முற்றுவதும் குறைந்திருந்தது. ரத்தக் குழாய்களுக்குக் கொட்டிய ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்காவது நிணநீருக்குக் கிடைத்திருந்தால், இந்தத் தெளிவு எவ்வளவோ முன்பே வந்திருக்கும்.

வாசகி முதலில் செய்ய வேண்டியது, மருத்துவரிடம் கையின் சுற்றளவை அளந்து பார்ப்பது. ஆரம்பத்திலேயே அழுத்த உறை அணிந்தால் வீக்கத்தைக் கட்டுப்படுத்துவது எளிது. கை சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்று. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.