ஆண் நண்டுக்குச் சினையா?

"ஆண் நண்டின் வயிற்று மடலுக்கு அடியில் மஞ்சளாக ஒரு உருண்டை இருந்தது. ஆணுக்கு எப்படிச் சினை வரும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூர்மையான கண் அவருக்கு. அது சினையே இல்லை. சாக்குலினா வகை ஒட்டுண்ணி. சினை என்றால் பொடிப்பொடி மணிகளாகக் கொத்தாக இருக்கும். இது வழவழவென்று ஒரே பை.

நண்டின் மேல் ஒட்டும் உயிர்கள் பல. ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் பிடித்திருக்கும் பார்னக்கிள் என்ற சிறு ஓட்டுயிருக்கு உட்கார இடம் கிடைத்தால் போதும். செவுளில் காம்போடு தொங்கும் ஆக்டோலாஸ்மிஸ் என்ற இன்னொரு பார்னக்கிள் கூட்டம் பெருகினால் நண்டுக்கு மூச்சு முட்டும், அவ்வளவுதான். சாக்குலினாவும் பார்னக்கிள் குடும்பம்தான் என்றால் நம்ப முடிகிறதா? வளர்ந்த உருவத்தில் அதற்கான அடையாளமே கிடையாது. 1836-ல் ஜான் வாகன் தாம்சன் என்ற இயற்கை ஆய்வாளர் அதன் லார்வாவை, அதாவது இளம் பருவ உருவத்தை, பார்த்துத்தான் உறவைக் கண்டுகொண்டார்.

அது உள்ளே நுழையும் விதம்தான் என்னை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. நீந்தி வரும் பெண் லார்வா, நண்டின் மேலுள்ள ஒரு மயிரின் அடியில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியதும் கால்களையும் தசைகளையும் ஓட்டையும் கழற்றி எறிந்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரு துளிப் பை. அதற்குள் உள்ளீடற்ற ஒரு ஊசி வளர்கிறது. ஊசி நண்டின் தோலைத் துளைக்க, அதன் வழியே தன்னையே உள்ளே செலுத்திக்கொள்கிறது அந்த உயிர்! 1884-ல் ஈவ் தெலாஜ் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இதை எழுதியபோது சக ஆய்வாளர்களே மறுத்தார்கள். ஊசி வழியே போவது பல செல்கள் கொண்ட, நகரக்கூடிய, புழுப் போன்ற ஒரு குட்டி உருவம் என்று கிளென்னர், ஹேக் என்ற இரு ஆய்வாளர்கள் 1995-ல்தான் காட்டினார்கள். நூறு வருடம் தாண்டி வந்த விடை. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டே ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்திருந்தால் இது வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் அந்தப் புழு வேர் வேராக நண்டின் உடலெங்கும் படர்ந்து சத்தை உறிஞ்சுகிறது. மாதங்கள் கழித்து வெளியே பிதுங்கும் பை, அதன் இனப்பெருக்க உறுப்பு மட்டுமே. நண்டு மலடாகிறது. ஆணாக இருந்தால் வயிற்று மடல் பெண்ணுடையதைப் போல அகலமாகிறது. பையைத் தன் சினையாகவே எண்ணித் துடைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்கிறது.

மனிதருக்கு இது தொற்றாது. பாதிப்பு மீன்பிடித் தொழிலுக்குத்தான். பை வந்த நண்டு சட்டை உரிப்பதில்லை, அதனால் வளர்வதும் இல்லை. சிறிய நண்டைக் கடலில் விட வேண்டும் என்ற விதி உள்ள இடங்களில், அந்த நல்ல விதியே ஒட்டுண்ணிக்கும் காவலாகிவிடுகிறது. சினை நண்டு என்று நினைத்து விட்டுவிடுவதும் நடக்கலாம். என்னைக் கேட்டால், மடலைத் தூக்கிப் பார்க்க ஒரு நொடி போதும்: மணி மணியாக இருந்தால் விடலாம், பையாக இருந்தால் எவ்வளவு சிறிய நண்டானாலும் கரைக்குக் கொண்டுவர விதி இடம் தர வேண்டும்.