‘ஓவர்சைட்’: கண்காணிப்பா, மேற்பார்வையா?

‘ஓவர்சைட்’ என்ற ஆங்கிலச் சொல் எங்கே வந்தாலும் ‘கண்காணிப்பு’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும் வழக்கம் நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் வேரூன்றிவிட்டது. காவல்துறை பற்றிய செய்தியில் இதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் அயர்லாந்தில் கரிமண் சதுப்புகள் (மட்கிய தாவரங்கள் படிந்த ஈரநிலங்கள்) தொடர்பான மேல்முறையீடுகளையும் கலை அமைப்புகளின் ஆளுகையையும் (‘கவர்னன்ஸ்’) பற்றி நடந்துவரும் விவாதங்களைத் தமிழில் சொல்ல முற்படும்போது, இந்த ஒரு சொல் அரசுக்கு இல்லாத அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்துவிடுகிறது.

சொல்லின் பிறப்பில் சிக்கல் எதுவும் இல்லை. ‘ஓவர்’ என்பது மேல், ‘சைட்’ என்பது பார்வை. மேலிருந்து பார்க்கும் பொறுப்பு, கவனத்திலிருந்து தவறிப்போன பிழை என்ற இரு பொருளும் அதற்கு உண்டு. இங்கே முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

‘கண்காணி’ இழிந்த சொல் அன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி’ என்று கோயில் காரியங்களைப் பார்ப்பவர்கள் குறிக்கப்படுகிறார்கள். தமிழ் விவிலியத்தில் சபையின் தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு, மேலிருந்து பார்ப்பவர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லுக்கு நேராக, ‘கண்காணி’ என்றே எழுதினார்கள். பிறகுதான் அந்தச் சொல்லின் வாழ்க்கை திசைமாறியது. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டங்களுக்கு ஆள் திரட்டி, முன்பணம் கொடுத்துக் கடனில் கட்டி, வரிசையில் நிற்கவைத்து வேலை வாங்கிய ‘கங்காணி’ ஆக அது மாறி, அந்த வடிவிலேயே ஆங்கிலத்துக்குள்ளும் போனது. இன்று மாவட்டக் காவலுக்குக் கட்டளையிடுபவர் காவல் கண்காணிப்பாளர். தெருமுனையில் இருப்பது கண்காணிப்புக் கேமரா. ஆக, இன்றைய தமிழ் வாசகர் ‘கண்காணிப்பு’ என்று படித்ததும் இரண்டில் ஒன்றைத்தான் நினைப்பார்: கீழுள்ளவரை ஏவும் அதிகாரம், அல்லது ஐயத்தோடு பின்தொடரும் கண். கல்வெட்டுக் காலத்துப் பொருளை அடிக்குறிப்புப் போட்டு மீட்டெடுக்க முடியாது.

அயர்லாந்தின் நிலைமையைப் பார்த்தால், இவ்விரண்டும் ஏன் பொருந்தா என்பது புரியும். அங்கே கட்டுமானத்துக்கும் நிலப் பயன்பாட்டுக்கும் தரப்படும் திட்ட அனுமதிகள் மீதான மேல்முறையீடுகளை 1977 முதல் விசாரித்துவந்தது ‘அன் போர்ட் ப்ளனாலா’ என்ற தன்னாட்சி வாரியம். 2025இல் அது ஆணையமாக மாற்றியமைக்கப்பட்டது. காற்றாலையோ பெருமளவிலான கரிமண் அகழ்வோ, சதுப்பைத் தொடும் வழக்குகள் அதனிடம் வந்து சேர்கின்றன. குறிப்பிட்ட எந்த ஒரு வழக்கிலும் அமைச்சர் அதிகாரமோ கட்டுப்பாடோ செலுத்தக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம் அதன் 30ஆம் பிரிவில் வெளிப்படையாகவே தடுத்தது. கலைகளுக்கு அரசு நிதியைப் பகிர்ந்தளிக்கும் கலை மன்றத்தின் கதையும் இதுபோன்றதே. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய அம்மன்றம், எந்தக் கலைஞருக்கு, எந்தக் குழுவுக்கு நிதி தருவது என்பதைத் தானே முடிவுசெய்யும் உரிமையை 2003ஆம் ஆண்டின் கலைச் சட்டம் உறுதிசெய்திருக்கிறது. அமைச்சர் அதில் விரல் நுழைக்க இயலாது. ஆனாலும், 2019இல் தொடங்கிய கணினித் திட்டம் ஒன்றுக்கு ஏறத்தாழ 67 லட்சம் யூரோ செலவழித்த பின் அது கைவிடப்பட்டது 2025 பிப்ரவரியில் வெளிவந்தபோது, நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அமைச்சராகத்தான் இருந்தார். அம்மன்றத்தின் ஆளுகை குறித்து வெளியாரைக் கொண்டு ஆய்வு நடத்தவும் அவரே ஆணையிட்டார். முடிவில் தலையிட உரிமையில்லை, ஆயினும் முடிவெடுக்கும் அமைப்பு நேர்மையாகவும் திறமையாகவும் நடக்கிறதா என்று கேட்டறியும் கடமை உண்டு. இந்தக் கடமையின் பெயர்தான் ‘ஓவர்சைட்’.

இதைக் ‘கண்காணிப்பு’ என்று எழுதினால், வழக்குகளின் போக்கை அமைச்சகம் உடனிருந்து நெறிப்படுத்துகிறது என்றாகிவிடும். சட்டம் தடுத்த ஒன்றைச் சட்டம் செய்வதாகச் சொல்லும் மொழிபெயர்ப்பு அது. இன்னொரு குழப்பமும் சேர்கிறது. சதுப்பைக் காப்பதில் நிலத்தடி நீர்மட்டத்தையும் பாசியின் வளர்ச்சியையும் இடைவிடாது அளந்து பதிவதுதான் அன்றாடப் பணி. அதற்குக் ‘கண்காணிப்பு’ முற்றிலும் பொருத்தமான சொல். அங்கே நிலத்தைப் பார்ப்பது ஒரு வேலை, நிலத்தைப் பார்ப்பவர்களைப் பற்றிப் பொறுப்பேற்பது வேறொரு வேலை. இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டால், ‘சதுப்பைக் கண்காணிப்பவர்களை அரசு கண்காணிக்கிறது’ என்ற வாக்கியம் கிடைக்கும். அதிலிருந்து எந்த வாசகர் என்ன பெற்றுக்கொள்வார்?

என் தேர்வு ‘மேற்பார்வை’. அச்சொல்லிலும் குறையுண்டு; ‘மேற்பார்வைக்கு நன்றாகத் தெரிகிறது’ என்று மேலோட்டமான பார்வையையும் நாம் அப்படிச் சொல்கிறோம், கட்டட வேலையில் நின்று ஆளை ஏவுபவரும் மேற்பார்வையாளரே. ஆகவே நிறுவனங்களைப் பற்றிய இடங்களில் ‘மேற்பார்வைப் பொறுப்பு’ என்று நிறைவுபடுத்தி எழுதுவதே தெளிவு. பொறுப்பு என்றதும் அதிகாரத்தோடு பதில்சொல்லும் கடமையும் வந்துவிடுகிறது. சிலர் ‘மேலாய்வு’ என்கிறார்கள். அது ஏற்கெனவே நடந்த முடிவை மறுபடி ஆராய்வது போலத் தொனித்து, மேல்முறையீட்டின் எல்லைக்குள் புகுந்துவிடுவதால் சதுப்பு வழக்குகளில் கூடவே கூடாது.

இந்தக் கருத்து நமக்குப் புதிதென்று சொல்வாரும் உண்டு. ஆனால் குறளில் ‘தெரிந்து வினையாடல்’ என்ற ஒரே அதிகாரத்துக்குள் இதன் இரு பக்கமும் இருக்கின்றன. ‘இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்’ என்கிறது 517ஆம் குறள். வேலையை அவனிடமே விட்டுவிட வேண்டும். ‘நாடோறும் நாடுக மன்னன் வினைசெய்வான் கோடாமை கோடா துலகு’ என்கிறது 520ஆம் குறள்; விட்டபின்பும் நாள்தோறும் ஆராய வேண்டும். ஆராயச் சொல்வது வினைசெய்பவனின் கோடாமையை, அதாவது அவன் நெறி தவறாதிருப்பதை. அவன் செய்யும் வினையைப் பிடுங்கிச் செய்யச் சொல்லவில்லை. இவ்வளவு நுட்பமாகப் பிரித்துச் சொன்ன மொழியில், கேமராவுக்கும் அமைச்சருக்கும் ஒரே சொல்லை வழங்குவது வறுமையால் அன்று, அவசரத்தால்.

அதே அவசரம் ‘கவர்னன்ஸ்’ என்பதை ‘நிர்வாகம்’ ஆக்கிவிடுகிறது. நிகழ்ச்சி ஏற்பாடு செய்வதும் சம்பளம் போடுவதும் நிர்வாகம். நிர்வாகிகளை அமர்த்தி, வரவுசெலவை ஏற்று, நலன்முரண் உள்ள உறுப்பினரை வாக்களிப்பிலிருந்து விலக்கிவைக்கும் ஆட்சிக்குழுவின் வேலை ஆளுகை. இலங்கைத் தமிழ் ஏடுகள் ‘ஆளுகை’ என்பதைத் தயக்கமின்றி எழுதுகின்றன. தமிழ்நாட்டு ஏடுகளும் எழுதலாம். ‘கலை அமைப்புகளின் நிர்வாகத்தை அரசு கண்காணிக்கிறது’ என்று அச்சாகும் வரியை, ‘கலை அமைப்புகளின் ஆளுகைக்கு அரசு மேற்பார்வைப் பொறுப்பு ஏற்றிருக்கிறது’ என்று திருத்தி வாசித்தால், யார் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பது உரைநடையிலேயே விளங்கிவிடும்.