குளக்கரையின் சொரசொரப்பு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைச் சுற்றிக் கோட்டா கல் பதித்திருக்கிறார்கள். பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். ராஜஸ்தானின் கோட்டா வட்டாரத்திலிருந்து வரும் சுண்ணாம்புக்கல் வகை. மூன்று ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு முந்தைய வாரம், அந்தத் தரையைச் சுத்தம் செய்ய ஒப்பந்தக்காரர் ஒருவரை அழைத்தோம். அவருடைய ஆட்கள் வாளி வாளியாக ஆசிட் ஊற்றித் தேய்த்தார்கள். கல்லின்மேல் நுரை சீறியது. அழுக்கு வெளியே வருகிறது என்றார்கள், நாங்களும் நம்பினோம். மாலையில் தரை புதிதுபோல வெளுத்திருந்தது. கார்த்திகை முடிவதற்குள் அதே தரையில் முன்பைவிட அடர்த்தியாகப் பாசி படர்ந்தது. ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வழுக்கி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான்.

அவ்வளவு தேய்த்த தரை எப்படி இத்தனை சீக்கிரம் பாசி பிடித்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. விடை கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள முதலில் கால் ஏன் வழுக்குகிறது என்று பார்க்க வேண்டும்.

ஈரத் தரையில் குதிகால் இறங்கும்போது, பாதத்துக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று சிக்கிக்கொள்கிறது. உடல் எடை அதை நசுக்கி வெளியேற்றப் பார்க்கிறது. ஆனால் ஓர் அடி எடுத்து வைக்கும் நேரம் மிகக் குறைவு. அதற்குள் நீர் முழுவதும் விலகிவிட்டால் தோல் கல்லைத் தொடும், கால் நிற்கும். விலகாவிட்டால் நாம் தரையில் நிற்கவில்லை, நீரின்மேல் மிதக்கிறோம். கல்லில் நுண்ணிய மேடுகள் இருந்தால் அவை படலத்தைத் துளைத்துக்கொண்டு தோலைத் தொட்டுவிடும். நீர் மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் ஒதுங்கிக்கொள்ளும். இந்த மேடுகள் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? சுத்தமான நீர் தேங்கும் தரைக்குச் சுமார் 20 மைக்ரான் சொரசொரப்பு இருந்தால் வழுக்கும் ஆபத்து குறைவு என்று பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு நிர்வாகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு குழந்தையின் பல் அந்த அளவு உயரத்தை நம்பியிருக்கிறது.

படலம் விலக எடுத்துக்கொள்ளும் நேரம் அதன் பாகுத்தன்மையைப் பொறுத்தது. நீர் எளிதில் ஓடிவிடும். தேங்காய் எண்ணெய் அதைவிடப் பல மடங்கு பாகானது. அதே எடை அழுத்தினாலும் மெதுவாகத்தான் நகரும். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளும், வெயிலுக்குக் கிரீம் பூசிக்கொண்டு வரும் பெரியவர்களும் அடிக்கடி நடக்கும் இடம் ஷவருக்கும் குளத்து ஏணிக்கும் இடையிலான பாதை. எங்கள் குளத்தில் மிக அதிகமாக வழுக்கும் இடமும் அதுதான்.

வெறுங்காலில் நடக்கும் தரைகளை ஜெர்மனியில் ஒரு எளிய சோதனையால் தரம் பிரிக்கிறார்கள். அதை வகுத்தது டின் (DIN) 51097 என்ற ஜெர்மன் தரநிலை. சாய்வை மாற்றக்கூடிய மேடையில் தரைக்கல்லைப் பதித்து, அதன்மேல் சோப்புக் கரைசல் ஓடவிடுகிறார்கள். ஒருவர் வெறுங்காலில் முன்னும் பின்னும் நடக்கிறார். சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள். 12 டிகிரி வரை தாக்குப்பிடித்தால் ஏ பிரிவு, 18 என்றால் பி, 24 என்றால் சி. குளத்தைச் சுற்றி நடக்கும் தரைக்குக் குறைந்தது பி வேண்டும். நீருக்குள் இறங்கும் படிகளுக்குப் பொதுவாக சி. கல் வாங்கும்போது கடைக்காரரிடம் பளபளப்பைப் பற்றிக் கேட்பதற்குப் பதில் இந்த எழுத்தைக் கேட்கலாம். ஆனால் அந்த எழுத்து புதிய கல்லுக்குரியது. பாசி பிடித்த பிறகு அது பெட்டியின்மேல் அச்சிட்ட எழுத்து மட்டுமே.

பாசி என்று நாம் பொதுவாகச் சொல்வது பல உயிர்கள் சேர்ந்து குடியிருக்கும் ஊர். பச்சைப் பாசிகள், நீலப்பச்சை நுண்ணுயிரிகள், பாக்டீரியாக்கள் எல்லாம் அதில் உண்டு. கல்லில் ஒட்டியவுடன் இவை சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன ஒரு கூழைச் சுரக்கின்றன. அந்தக் கூழில் பெரும்பகுதி நீர். ஊறவைத்த சப்ஜா விதையைச் சுற்றி ஒரு வழவழப்பு திரளுமே, ஏறக்குறைய அதே சங்கதி. கால் மிதிக்கும்போது இந்தக் கூழ் நீரைப் போல விலகி ஓடாது. மேடுகளை மூடியபடி அங்கேயே கிடக்கும். வெயிலில் காய்ந்தால் கறுப்புக் கறைபோல ஒடுங்கும். மழை வந்ததும் சில நிமிடங்களில் ஊறி உயிர்பெறும். கோடை முழுவதும் வழுக்காத தரை ஐப்பசியின் முதல் மழையில் திடீரென்று வழுக்குவதற்கு இதுதான் காரணம்.

அந்தக் கூழ் ஒரு கவசமும்கூட. குளோரின் கரைசலை மேலே தெளித்தால், அதன் வீரியம் வெளிப்புறக் கூழோடும் அங்குள்ள அழுக்கோடும் வினைபுரிந்தே தீர்ந்துபோகிறது. அடியில், கல்லின் நுண்துளைக்குள் இருப்பவை பிழைத்துக்கொள்கின்றன. மேலே பச்சை நிறம் வெளுத்துவிடுவதால் நமக்கு வேலை முடிந்ததுபோலத் தோன்றும். இரண்டு வாரத்தில் அதே இடத்தில் அதே வடிவத்தில் பாசி திரும்பும்.

நடக்கும் காலுக்கு மேடு வேண்டும். பாசிக்கு ஒளிந்துகொள்ளத் துளை வேண்டும். இரண்டும் சொரசொரப்புதான், ஆனால் வேறு வேறு. குளக்கரையைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் முதலாவதைத் திறந்து வைப்பார், இரண்டாவதைப் பெருக்க மாட்டார். எங்கள் தரையில் நடந்தது இதற்கு நேர் எதிர். சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் அது கால்சியம் குளோரைடாகக் கரைந்து, கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. அன்று சீறிய நுரை எங்கள் கல்தான். காசு கொடுத்துக் கரைத்தோம். பாசியோடு கல்லின் மேல்தோலும் போயிற்று, கல்லிடுக்குகளில் நிரப்பியிருந்த சிமென்டும் அரித்தது. எஞ்சியது ஆயிரக்கணக்கான புதிய துளைகள். அடுத்த மழைக்கு வந்த பாசிக்குக் கட்டி முடித்த வீடு காத்திருந்தது.

கடப்பைக் கல்லுக்கும் பளிங்குக்கும் இதே கதிதான். உங்கள் கல் எந்த வகை என்று தெரியாவிட்டால், மூலையில் யாரும் பார்க்காத இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். மங்கலான வட்டம் விழுந்தால் அந்தத் தரைக்கு அமிலமே ஆகாது. கிரானைட்டும் விட்ரிஃபைடு டைல்ஸும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அவற்றின் இடுக்குகளில் இருப்பது பெரும்பாலும் சிமென்ட், அது தாங்காது.

அமிலம் தேடிப் போவதற்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு: வெள்ளை உப்புப் படிவு. குளத்து நீரில் கால்சியம் இருப்பது அவசியம். அது குறைந்தால் நீர் குளத்தின் சிமென்டையே கரைக்கத் தொடங்கும். லிட்டருக்கு 200 முதல் 400 மில்லிகிராம் வரை கடினத்தன்மை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். 300 என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் 50 லிட்டர் வெளியே தெறித்து, வடியாமல் தரையிலேயே உலர்ந்தால், 15 கிராம் கால்சியப் படிவு மிஞ்சும். ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போட்டால் ஐந்தரைக் கிலோ. கிரானைட் தரையாக இருந்தால் சிட்ரிக் அல்லது சல்ஃபாமிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து தேய்க்கலாம். அதற்குமுன் தரையை நன்றாக நனைத்துவிட வேண்டும். துளைகளில் ஏற்கெனவே நீர் நிரம்பியிருந்தால் அமிலம் உள்ளே இறங்காது, மேலே உள்ள படிவை மட்டும் தின்னும். முடிந்ததும் சோடா மாவு கரைத்த நீர் ஊற்றி மிச்ச அமிலத்தை அடக்கிவிட்டு, நிறைய நீர்விட்டுக் கழுவ வேண்டும். ஆனால் படிவே சேராமல் பார்த்துக்கொள்வதுதான் மலிவு: குளிப்பவர்கள் போன பிறகு மாலையில் ஒரு வாளி நல்ல தண்ணீர், ஒரு வைப்பர், பத்து நிமிடம்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். பம்ப் அறையில் ஆசிட் கேனும் குளோரின் கேனும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை நான் பல குடியிருப்புகளில் பார்த்திருக்கிறேன். குளோரின் கேனில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் ஆசிட் கேனில் இருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். பாசிக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று என்று ஒரே தரையில் அடுத்தடுத்து ஊற்றினாலும் வரும். அந்த வாயு காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது, தரையை ஒட்டித் தவழும். நின்றுகொண்டு மேற்பார்வை பார்ப்பவரின் மூக்கை எட்டுவதற்குமுன், குத்துக்காலிட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் நுரையீரலுக்குள் அது போய்விடும். அவருக்குக் கையுறையும் கண்ணாடியும் ரப்பர் பூட்ஸும் வாங்கிக்கொடுக்காத சங்கத்துக்குக் குளம் வைத்துக்கொள்ளத் தகுதியில்லை என்பேன்.

சரியான வேலை அலங்காரமில்லாதது. விடியற்காலையில், கல் சூடாவதற்குமுன் தொடங்க வேண்டும்; சூடான கல்லில் மருந்து வேலை செய்வதற்குள் காய்ந்து கறையாகிவிடும். முதலில் உலர்ந்த நிலையிலேயே மணலைப் பெருக்கி அள்ள வேண்டும். பிறகு நனைத்து, அமிலமும் காரமும் மிகாத திரவ டிடர்ஜென்ட் கொஞ்சம் விட்டு, நைலான் பிரஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் கூடாது. அதன் இரும்புத் துணுக்குகள் கல்லில் தங்கித் துருக்கறை போடும். பழைய சோப்புக்கட்டியும் வேண்டாம். கடின நீரில் அது கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுப்பான திரையாகத் தரையிலேயே உட்கார்ந்துகொள்ளும். இந்தத் தேய்ப்புதான் வேலையின் உயிர். கூழ் உடைந்து, கவசம் கிழிந்த பிறகுதான் மருந்துக்கு மதிப்பு. டிடர்ஜென்டைக் கழுவித் தள்ளிவிட்டு, கடையில் கிடைக்கும் ஹைப்போகுளோரைட்டைப் பத்துப் பங்கு நீரில் கலந்து தெளித்து, பத்து நிமிடம் ஈரம் காயாமல் விட வேண்டும். தெளித்த கையோடு கழுவினால் மருந்து சாக்கடைக்குத்தான் போகும்.

கழுவும் நீர் குளத்துப் பக்கம் ஓடவே கூடாது. அழுக்கும் டிடர்ஜென்டும் குளத்துக்குள் இறங்கினால் அங்குள்ள குளோரினைத் தின்றுவிடும். நல்ல கொத்தனார் குளக்கரையை வெளிநோக்கி மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் சரிவோடு அமைப்பது இதற்காகத்தான்.

பிரஷர் வாஷர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நல்ல கருவி, பொறுமையற்ற கையில் கெட்ட கருவி. 100 முதல் 150 பார் அழுத்தத்தில் வரும் நீரை 40 டிகிரி விசிறி முனையால் பரப்பினால் பாசியைப் பெயர்க்கும். அதே நீரைப் பூஜ்ய டிகிரி முனையில் ஒரே கோடாகப் பாய்ச்சினால் கல்லிடுக்குச் சிமென்டைத் தோண்டி எடுத்துவிடும். முனையை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்த வேண்டும்.

சுத்தம் செய்து, கல் இரண்டு நாள் நன்றாக உலர்ந்த பிறகு, துளைகளுக்குள் நீர் இறங்காமல் தடுக்கும் சீலர் பூசும் நேரம் வருகிறது. இதிலும் இரண்டு வகை. அக்ரிலிக் போன்றவை மேலே படலமாகப் படிந்து பளபளக்கும். காலுக்கு வேண்டிய மேடுகளையும் சேர்த்தே மூடிவிடும். அடியிலிருந்து ஈரம் ஏறினால் வெளுத்து உரியும். சிலேன், சிலாக்ஸேன் வகைகள் துளைக்குள் இறங்கிச் சுவரில் ஒட்டி, அந்தச் சுவரை நீர் ஒட்டாததாக மாற்றுகின்றன. துளை அடைபடுவதில்லை, நீர் உள்ளே வராது, ஆவி வெளியே போகும். மேற்பரப்பின் மேடு அப்படியே இருக்கும். சிமென்ட் தரைக்கும் மணற்கல்லுக்கும் இவை நன்றாகப் பிடிக்கும். சுண்ணாம்புக்கல்லில் பிடிப்பு குறைவு என்பதால் அதற்கென்றே தயாரித்ததைக் கேட்டு வாங்க வேண்டும். இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு கை நீரைத் தெளித்தால் போதும். முத்து முத்தாக நின்றால் சரி. கல் கறுத்து உறிஞ்சினால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது.

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒரு கோடு. குளத்தின் விளிம்புக் கல்லும் சுற்றியுள்ள தரையும் சந்திக்கும் இடத்தில் விரல் அகல இடைவெளி விட்டு, ரப்பர் போன்ற சீலன்டால் நிரப்பியிருப்பார்கள். நீர் நிரம்பிய தொட்டி ஒரு விதமாக அசைகிறது, வெயில் காயும் தரை வேறு விதமாக விரிகிறது. இரண்டையும் ஒன்றோடொன்று மோதாமல் வைத்திருப்பது அந்த மென்மையான கோடு. அது வறண்டு வெடித்ததும் சிமென்ட் பூசி அடைத்துவிடுவது வழக்கம். சிமென்ட் வளையாது, முதல் கோடையிலேயே விரிசல் விடும். அதன் வழியே நீர் இறங்கும்.

எங்கள் குளம் வாகன நிறுத்தத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. இறங்கிய நீர் கான்கிரீட்டில் உள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்துக்கொண்டு கீழே சொட்டியது. ஒவ்வொரு சொட்டும் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, ஒரு துளி சுண்ணாம்பை விளிம்பில் விட்டுச் சென்றது. குகைகளில் நூற்றாண்டுகள் எடுத்து வளரும் சுண்ணாம்பு ஊசியைப் போன்ற ஒன்று, எங்கள் பி பிளாக் தூணுக்குப் பக்கத்தில் ஒரு சில ஆண்டுகளில் சுண்டுவிரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. உள்ளே வைக்கோல்போலக் குழலாக இருந்தது. கீழே நின்ற காரின்மேல் விழுந்த சொட்டுகள் பெயின்டையே அரித்து வெள்ளை வட்டங்களாக நின்றன.

போன ஆவணியில், மழைக்கு முன்பே, அந்தச் சிமென்டை எல்லாம் செதுக்கி எடுத்துவிட்டுப் புதிய சீலன்ட் அடித்தோம். தூய்மைப் பணி செய்யும் அக்கா ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஒலித்த ஏழு கற்களுக்குச் சாக்பீஸால் குறியிட்டார். அவற்றைப் பெயர்த்துப் புதுக்கலவையில் பதித்தோம். வாரம் ஒருமுறை பிரஷ், மாலைதோறும் நல்ல தண்ணீர். மார்கழியில் ஒரு நாள் இரவு முழுக்க மழை பெய்து ஓய்ந்த காலையில் வாகன நிறுத்தத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தேன். ஊசி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன்; நுனி உலர்ந்திருந்தது.