இரண்டாவது கடிதான் புல்லைக் கொல்கிறது

காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளைப் பார்க்கலாம். கொரங்காடு என்பார்கள். அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டியே மழை பெய்யும் இந்த மேட்டு நிலம்தான் காங்கேயம் மாட்டையும் செம்மறியையும் வளர்த்தது.

ஓய்வு கிடைத்த காட்டில் ஒரு புல் தூரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையை அறுக்குமே தவிர வராது. வருஷம் முழுக்க மேய்ந்த காட்டில் ரெண்டு விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிடும், வேர் விரல் நீளம்கூட இருக்காது. மேய்ச்சல் நிலம் கெடத் தொடங்குவது அங்கேதான், மண்ணுக்கு அடியில்.

கடிபடுவது புல்லுக்குப் புதிதல்ல. அதன் குருத்து தரையை ஒட்டி இருப்பதால், நுனி போனாலும் அடியிலிருந்து இலை நீளும். மாட்டுக்கும் செம்மறிக்கும் மேல்வாயில் முன்பல் கிடையாது. ஆனால் மாடு நாக்கால் சுற்றி இழுத்து மேய்வதால் அடிப்புல் கொஞ்சம் மிஞ்சும். செம்மறி அப்படியல்ல, தரைவரை கொறித்துவிடும்.

சரி, கடித்த பிறகு என்ன ஆகிறது? புல்லுக்குச் சோறாக்குவது இலை. அது போனால், தூரில் சேர்த்துவைத்த மாவுச்சத்தை எடுத்துத்தான் புது இலை விட வேண்டும். அதுவரை வேருக்குப் பட்டினி. அமெரிக்காவில் பிராங்க்ளின் கிரைடர் புல்லை வெவ்வேறு அளவில் வெட்டிப் பார்த்து 1955-இல் முடிவை வெளியிட்டார். இலையில் பாதி போகும்வரை வேர் பெரிதாகத் தடைபடவில்லை. 80 சதவீதம் போனதும் 12 நாள், 90 சதவீதம் போனதும் 17 நாள் வேர் வளரவே இல்லை. இத்தனையும் ஒரே ஒரு வெட்டுக்கு!

அந்த நாட்களுக்குள் ஆடு திரும்பி வந்தால்? வரத்தான் செய்யும்; முற்றிய தாளைவிட இளந்துளிர்தான் அதற்குப் பிடிக்கும். சேமிப்பு தீர்ந்த தூரில் அந்த இரண்டாவது கடி விழுகிறது. எத்தனை ஆடு என்று மட்டும்தான் பெரும்பாலும் கணக்குப் பார்க்கிறோம். எத்தனை நாள் கழித்துத் திரும்ப விடுகிறோம் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

புல் செத்த இடத்தில் மண் வெறுமையாகிறது. குளம்பு மிதித்து இறுகிய தரையில் மழைத்துளி நேராக அடித்து, மேலே ஓடு போலப் படலம் கட்டிவிடும். அப்புறம் பெய்கிற மழை உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுகிறது. அதே அளவு மழைதான், ஆனால் புல்லுக்கு அது பஞ்ச வருஷம். மாடு தொடாத ஆவாரையும் எருக்கும் காலியிடத்தைப் பிடிக்கின்றன. சீமைக் கருவேலங்காயை ஆடுகளே தின்று, புழுக்கையோடு விதையைப் போட்டுவிட்டுப் போகின்றன.

தூர் உயிரோடு இருக்கும்வரை, மழைக்காலத்தில் வேலிக் கதவான படலைச் சாத்தி, புல் பூத்து விதை உதிரும்வரை பொறுத்தால் காடு தேறிவிடும். புதர் மூடிய காட்டில் அது மட்டும் போதாது. விதை உதிர்க்கப் புல்லே இருக்காது என்பதால், புதரைக் களைந்துவிட்டு, மழைக்கு முன் கொழுக்கட்டை விதையை வெளியிலிருந்து வாங்கித் தூவித்தான் ஆரம்பிக்க வேண்டும்.